தளும்ப வேண்டிய காப்பி

என் மாமனார் ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, காரில் டம்ளர் வைக்க ஒரு இடம் பண்ணித் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவரை எதற்கு என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. மாப்பிள்ளைக்கும் கிடையாது.

அவர் வக்கீல். வலியசாலையில் கோயிலுக்குப் போகிற தெருவில் வீடு. நான் மராமத்து இலாகாவில் ஓவர்சீயர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த புதிதில் அந்த வீட்டுப் பேச்சே எனக்குப் பிடிபடவில்லை. பாதி நம் அகத்துத் தமிழ், பாதி மலையாளம். ஒவ்வொரு விஷயத்தையும் சொல்லி முடித்துவிட்டு, "மனசிலாச்சோ மாப்ளே?" என்று கேட்பார்கள். புரிந்ததோ இல்லையோ, நான் தலையை ஆட்டிவிடுவேன். ஐந்து வருஷம் ஆட்டியதில் அது பழகிப்போய்விட்டது.

கார் பழையது. பொன்முடிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சுதந்திரம் வந்த மறு வருஷம் சீமைக்குத் திரும்பும்போது மாமனாரிடம் விற்றுவிட்டுப் போனது. கறுப்பு வண்டி. அதில் சுருட்டுச் சாம்பல் தட்ட இடம் இருந்தது, குடை சொருக இடம் இருந்தது, நாய் ஏறிக்கொள்ளப் பலகை இருந்தது. டம்ளர் வைக்க இடமில்லை. துரைக்குத் தேவைப்படவில்லை போலிருக்கிறது. எங்களுக்கும் ஆறு வருஷமாகத் தேவைப்படவில்லை. மாமனார் வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். காரில் உட்கார்ந்து அவர் காப்பி குடிப்பதை நான் கனவில்கூட நினைத்ததில்லை.

அவர் காப்பி குடிப்பது தெருவில் பிரசித்தம். அந்த வீட்டில் டம்ளரில் உதடு படக்கூடாது, எல்லோரும் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். நாங்களெல்லாம் ஒரு சாண் உயரத்தில் தூக்கி ஊற்றிக்கொள்வோம். அவர் கையை முழுசாக நீட்டி, ஒரு முழத்துக்கு மேலிருந்து ஊற்றிக்கொள்வார். வேட்டியில் ஒரு சொட்டு விழாது. கல்யாண வீடுகளில் குழந்தைகள் சுற்றி நின்று பார்க்கும். அவர் பார்க்காததுபோல இன்னும் கொஞ்சம் உயர்த்துவார்.

டம்ளர் விஷயத்தை அவர் சொன்ன காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் இருந்த கவலை ஒன்றுதான். என் மச்சினிக்கு இருபத்து நான்கு வயது முடிந்துவிட்டது. இரண்டு வரன் வந்து கூடி வருவதுபோல் வந்து கலைந்துபோயிற்று. ஒன்று ஜாதகத்தில் தட்டிப்போனது. இன்னொன்றுதான் எல்லோருக்கும் வலித்தது. மாமனாரின் அண்ணா கடைசிக் காலத்தில் நடுக்குவாதத்தில் படுத்திருந்தார் என்று யாரோ பிள்ளை வீட்டார் காதில் ஓதிவிட்டார்கள். குடும்பத்தில் ஓடுகிற வியாதி, பெண்ணுக்கும் வரும், பிறக்கிற குழந்தைக்கும் வரும் என்று அவர்கள் மறு தபாலில் ஜாதகத்தைத் திருப்பிவிட்டார்கள். மச்சினி மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. மாமனாரும் பேசவில்லை.

மூன்றாவதாக வந்தது சுசீந்திரத்து வரன். பையனுக்கு மதராஸில் உத்தியோகம். அப்பா ரிடையர் ஆன ஹெட்மாஸ்டர். ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, அவர்கள் பெண் பார்க்க வருவதாகக் கடிதம் எழுதினார்கள். கடிதத்தின் கடைசியில் ஹெட்மாஸ்டர் ஒரு வரி சேர்த்திருந்தார். பெண்ணின் அப்பாவும் பிள்ளையின் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம், தாம்பூலம் மாற்றுவதெல்லாம் பிறகுதான், இது தங்கள் குடும்பத்து வழக்கம் என்று. மாமியார் இதை வாசித்துவிட்டு, காப்பிதானே, நம் வீட்டில் அதற்கா பஞ்சம் என்று சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் என்னைக் கூப்பிட்டு டம்ளர் வைக்க இடம் கேட்டார்.

சம்பந்தி வரும்போது அவரைக் காரில் பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றுக்கு அழைத்துக்கொண்டு போவதாகத் திட்டம். போகிற வழியில், வண்டி ஓடும்போதே, காப்பி. ரயிலில் முதல் வகுப்பில் கண்ணாடி டம்ளர் வைக்க வளையம் இருப்பதைப் பார்த்தாராம், அதுபோல் வேண்டுமாம். வீட்டுக் கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து குடிக்கிற காப்பியை முப்பது மைலுக்குக் குலுக்கிக்கொண்டு போய் ஏன் குடிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. புது மோஸ்தர் என்று காட்ட ஆசைப்படுகிறார், வயதானால் சிலருக்கு இப்படி ஒரு சபலம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் செய்தது வெறும் பலகை. முன் சீட்டின் முதுகில் ஒரு தேக்குப் பலகையைக் கீல் போட்டு மாட்டி, அதில் இரண்டு ஓட்டை போட்டேன். டம்ளரை ஓட்டையில் இறக்கினால் விளிம்பு தாங்கி நிற்கும். மாமனார் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு டம்ளரிலும் தண்ணீர் ஊற்றி, அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பழவங்காடி வரை ஓட்டினேன். ஓட்டை பெரிதாகிவிட்டது. டம்ளர் இரண்டும் கூத்தாடின. கோட்டை வாசல் திருப்பத்தில் ஒரு மாட்டுவண்டிக்கு நான் பிரேக் போட, இரண்டு டம்ளரிலிருந்தும் தண்ணீர் பாய்ந்து அவர் மடி முழுக்க நனைந்துபோயிற்று. எனக்கு அவமானமாக இருந்தது. பிள்ளையார் கோயில் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப நன்னாருக்கு மாப்ளே. இது போரும். இதுக்கு மேல ஒண்ணும் பண்ணண்டா" என்றார்.

இறங்கிப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்துவிட்டு வந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருஷம் கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீலைக் குத்திக்காட்டிப் பழகியவர், என்னையும் அப்படித்தான் குத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் பாலத்துக்கு மட்டம் பார்க்கிறவன். ஒரு டம்ளர் தண்ணீரை நேராக நிறுத்தத் தெரியவில்லை என்று அவர் சொல்லாமல் சொல்லிவிட்டார் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே பாத்திரம் அடைக்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். வீட்டு வெள்ளி டம்ளர் ஒன்றை மறைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதன் சரிவுக்குச் சரியாகப் பித்தளையில் இரண்டு வளையம் அடிக்கச் சொன்னேன். மேலே அகலம், கீழே குறுகல், உள்ளே சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டிய ரப்பர். வளையத்தை நேராகப் புதுப் பலகையில் அறையாமல், இரண்டு பக்கமும் ஆணியில் ஊஞ்சல்போலத் தொங்கவிட்டேன். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் டம்ளர் நிமிர்ந்தே நிற்கும். ஒரு வாரம் ஆபீஸ் விட்டு வந்ததும் இதே வேலை. என் மனைவி, இரண்டு வளையத்தோடு குடித்தனம் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போவாள்.

மறுபடி சோதனை. இந்த முறை நானே வேண்டுமென்று மோசமான பாதையாகத் தேடி ஓட்டினேன். கரமனை ஆற்றோரமாகக் குண்டும் குழியுமாக ஒரு பாதை இருந்தது. போய்த் திரும்பி வந்து பார்த்தால், விளிம்பு வரை ஊற்றிய தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. நான் பெருமையோடு பின்னால் திரும்பினேன். மாமனார் அந்த டம்ளர்களை, கேஸ் தோற்ற கட்சிக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய பலகையே போருமே. அதை எங்க வச்சேள்?" என்று கேட்டார்.

அதை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள் உங்கள் பெண் என்றேன். அவர் வளையத்தை விரலால் ஆட்டிப் பார்த்தார். இத்தனை இறுக்கம் வேண்டாம், உள்ளே ஒட்டிய ரப்பரை எடுத்துவிடுங்கள், ஆணியைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்றார். நான் பொறுமையாக, அப்படிச் செய்தால் காப்பி தளும்பும் மாமா என்று விளக்கினேன்.

"வண்டின்னா தளும்பணும் மாப்ளே. தளும்பாட்டா அது என்ன வண்டி? எல்லார் மேலயும் ரெண்டு சொட்டு விழணும். மனசிலாச்சோ?"

தலையை ஆட்டினேன். ஒன்றும் மனசிலாகவில்லை. தளும்பாமல் இருக்கத்தானே வளையம் கேட்டார்? தளும்ப வேண்டுமென்றால் வளையம் எதற்கு? வரப்போகிற சம்பந்தியின் வேட்டியில் காப்பி கொட்டினால் இந்த வரனும் கலைந்துபோகாதா? மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, அப்பா சொல்கிறபடி செய்துவிடுங்களேன் என்றாள். அந்தப் பார்வையும் எனக்குப் புரியவில்லை.

அந்த நாட்களில் மாமனாரிடம் புரியாதது அது ஒன்று மட்டுமல்ல. திடீரென்று காரோட்டுவதை விட்டுவிட்டார், கண்ணில் பவர் மாறிவிட்டதாம். ஆனால் கண்ணாடி மாற்றவில்லை. தானே சவரம் செய்துகொள்கிறவர், தினம் ஆள் வரவழைத்தார். காலைக் காப்பியை ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். கல்யாணக் கவலை மனிதனை என்னவெல்லாம் பண்ணுகிறது என்று நினைத்தேன். என் மூளை அத்தோடு நின்றது.

ரப்பர் விஷயத்தில் நான் ஒரு சமரசம் செய்தேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் பக்கத்து வளையத்தில் மட்டும் ரப்பரை உரித்து எடுத்தேன். சம்பந்தி பக்கத்து வளையத்தில் அப்படியே விட்டுவிட்டேன். அவர் ஆசைக்கு அவர் வேட்டியில் கொட்டிக்கொள்ளட்டும், சம்பந்தி வேட்டி சுத்தமாக இருக்கட்டும் என்று கணக்கு. ஆணியையும் தளர்த்தவில்லை. எனக்குத் தெரிந்த வேலையை நானே கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

ஹெட்மாஸ்டரும் அவர் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். அவர் மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். பேசினால் கொஞ்சம் கேலியாகப் பேசுவார். தெற்கே எங்களை மதராஸோடு சேர்ப்பதா இந்த ராஜ்யத்திலேயே வைப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை, என் பிள்ளை இரண்டு இடத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க வேண்டியிருக்குமோ என்னவோ என்றார். பெண்ணைப் பார்த்தார்கள். மச்சினி ஒரு பாட்டுப் பாடினாள். பிடித்துவிட்டது என்பது ஹெட்மாஸ்டர் மனைவியின் முகத்திலேயே தெரிந்தது. மாமியார் கூடத்துக்குக் காப்பி கொண்டுவந்தபோது மாமனார் அவசரமாக எழுந்து, கட்சிக்காரர் யாரோ வாசலில் நிற்பதாகச் சொல்லி வெளியே போனார். நான் எட்டிப் பார்த்தேன். வாசலில் யாருமில்லை. ஹெட்மாஸ்டரும் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். தமக்கு வைத்த டம்ளரைத் தொடாமல், சேர்ந்தே குடிக்கலாம், அவசரமில்லை என்றார்.

ஆகவே கல்லாறு. பெண்கள் வீட்டில் இருந்துகொண்டார்கள். நான் ஓட்டினேன். என் பக்கத்தில் கம்பளித் துணியில் சுற்றிய கூஜாவும் ஒரு கூடை பட்சணமும். பின்னால் இரண்டு அப்பாக்கள், அவர்களுக்கு முன்னால் என் இரண்டு வளையங்கள்.

நெடுமங்காடு தாண்டியதும் மாமனார் காப்பியைத் தொடங்கிவிடலாம் என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தி, கூஜாவிலிருந்து நானே இரண்டு வெள்ளி டம்ளரிலும் நிறைய ஊற்றி வளையத்தில் இறக்கினேன். மாமனார் என்னை உடனே கிளப்பச் சொன்னார். கிளம்பினேன். வண்டி குலுங்கியது. அந்த வண்டியில் கதவு, ஜன்னல், சீட்டு, கூடை என்று எல்லாமே சத்தம் போடும். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும்.

"சூடா இருக்கறப்பவே எடுத்துக்கலாமே" என்று மாமனார் கத்தினார்.

ஹெட்மாஸ்டர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டார். ஓடுகிற வண்டியில் அண்ணாந்தால் மூக்கில்தான் போகும், ஆற்றங்கரையில் நிறுத்தி நிதானமாகக் குடிக்கலாம், டம்ளர்தான் அசையாமல் நிற்கிறதே, யார் செய்தது இந்த வளையம் என்று கேட்டார். நான் முன்னாலிருந்து, நான்தான் என்றேன். அவர் ரொம்ப நேர்த்தியாக இருக்கிறது என்றார். எனக்குக் காது வரை சிரிப்பு. தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் மாமனாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. இந்த மனிதருக்கு என்னதான் வேண்டும் என்று மறுபடியும் குழம்பினேன்.

விதுரை தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. கல்லாற்றில் இறங்க முடியவில்லை. மழையில் அங்கே தரையெல்லாம் அட்டைப்பூச்சி. ஆற்றைப் பார்த்தபடி, ஒரு சின்ன சாயாக்கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். திடீரென்று அத்தனை சத்தமும் நின்று ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு டம்ளரிலும் காப்பி விளிம்பு வரை இருந்தது. ஒரு சொட்டு குறையவில்லை. ஓவர்சீயர் உத்தியோகத்தில் எத்தனையோ பாலம் பார்த்தாயிற்று, அந்தப் பெருமை எனக்கு எதிலும் வந்ததில்லை.

ஹெட்மாஸ்டர் டம்ளரை எடுத்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மழையில் விரலை நனைத்துத் துடைத்துக்கொண்டார். அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, ஆறினாலும் காப்பி பேஷ் என்றார். பிறகு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு மாமனாருக்காகக் காத்திருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக் டிக் டிக் என்று, பித்தளையில் வெள்ளி மோதுகிற சத்தம். வளையத்தில் எங்கோ ஆட்டம் இருக்கிறது என்று நினைத்தேன். ஆணி தளர்ந்துவிட்டதா? ரப்பர் உரித்த பக்கம்தான் சத்தம் வருகிறது, சரி. ஆனால் எஞ்சின் நின்றிருக்கிறது. காற்று இல்லை. வண்டி அசையவில்லை. அசையாத வண்டியில் வளையம் எப்படி ஆடும்? நிஜமாகவே சொல்கிறேன், சில வினாடிகள் நான் அந்த வளையத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன். மட்டம் பார்க்கிறவனின் புத்தி அவ்வளவுதான். பிறகு கண்ணாடியில் பார்த்தேன். டம்ளரைப் பிடித்திருந்த மாமனாரின் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்து அதை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கவில்லை. டம்ளர் வளையத்தைவிட்டு மேலே வரவே இல்லை.

அவர் நிமிர்ந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கோர்ட்டே நடுங்கும் என்று பேர் வாங்கிய மனிதர், என்னிடம் கெஞ்சுகிற கண்ணோடு பார்த்தார். பழவங்காடியில் மடியெல்லாம் நனைந்தபோது அவர் ஏன் சிரித்தார் என்பது அந்த நிமிஷத்தில் புரிந்தது. எல்லார் மேலும் கொட்டுகிற வண்டியில் அவர் மேல் கொட்டுவது யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்காகத்தான் முப்பது மைல். அதற்காகத்தான் தேங்காய். நான் ஒரு வாரம் மெனக்கெட்டு, அவர் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தை மட்டமாக்கிக் கொடுத்திருந்தேன்.

என்ன செய்வதென்று யோசித்துச் செய்யவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஹாண்டிலை எடுத்துக்கொண்டு தூறலில் இறங்கினேன். முன்னால் போய்ச் சொருகிச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. அதில் ஒரு ப்ளக் எப்போதும் தகராறு. நின்ற இடத்தில் ஓடினால் வண்டி தலையிலிருந்து கால் வரை உதறும். வெகு நாளாகச் சரி பண்ண வேண்டும் என்று இருந்தேன். உள்ளே ஏறி உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதித்தேன். கதவு ஆடியது, ஜன்னல் ஆடியது, கூடையில் இருந்த முறுக்கெல்லாம் ஆடியது.

ஹெட்மாஸ்டர் என்னைக் கேள்வியாகப் பார்த்தார்.

"சூடு ஆறிட்டா இது மறுபடி கிளம்பாது. அதான்" என்று கத்தினேன்.

மாமனார் டம்ளரைத் தூக்கினார். பாதி வாயில் போயிற்று. மீதி தாடையிலும் சட்டையிலும் அங்கவஸ்திரத்திலும் வழிந்தது. நான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். ஹெட்மாஸ்டரும் தம் டம்ளரைத் தூக்கினார். முன்பு அத்தனை சுத்தமாகக் குடித்தவர், இந்த முறை மார்பெல்லாம் கொட்டிக்கொண்டார். வண்டி அசாத்தியமாகக் குலுக்குகிறது என்று சொல்லிச் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று, பழவங்காடி தவிர. இரண்டு பேரும் துண்டால் துடைத்துக்கொண்டார்கள். காப்பி குடித்தாயிற்று, அப்படியென்றால் தை மாதத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமனார். நான் அப்போதும் காலை எடுக்கவில்லை. எடுத்தால் எல்லாம் நின்றுபோய்விடும் என்பதுபோல் ஒரு பயம்.

திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரும் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சந்தோஷமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நடுங்குகிற கைக்கு என்று கேட்டிருந்தால் அந்தப் பலகையையே இன்னும் பெரிய ஓட்டையாகப் போட்டுக் கொடுத்திருப்பேனே? ஆனால் சொல்லியிருந்தால் நான் முதலில் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்திருப்பேன், அதற்குள் வலியசாலை முழுக்கத் தெரிந்திருக்கும் என்பதும் நிஜம்தான். எந்தப் பக்கம் யோசித்தாலும் பாதியில் முட்டியது.

வீடு வந்து சேர்ந்தபோது தீபம் ஏற்றியிருந்தார்கள். அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். கூஜாவை வாங்கிக்கொள்ள என் மனைவி வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன். நான்கு மாதமாகத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், தங்கைக்கும் தெரியும், ஆனால் எங்களுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அதுக்கும் ஒரு வளையம் அடிச்சுண்டு வந்திருப்பேள்" என்றாள்.

கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். கூஜாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் வண்டிக்குள் குனிந்து பின் சீட்டில் கொட்டியிருந்த காப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் உட்கார்ந்த இடத்தில் கறை பெரிதாக இருந்தது. ஹெட்மாஸ்டர் உட்கார்ந்த இடத்திலும் அதே அளவு இருந்தது. ரப்பர் ஒட்டிய வளையம் அவருடையது. கையும் திடமான கை. ஒரு டம்ளரில் முதல் வாய் போக மிச்சமிருந்ததையெல்லாம் கொட்டினால்தான் அவ்வளவு கறை வரும். துணியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஹெட்மாஸ்டர்தான். குடையை மறந்துவிட்டாராம். துரையின் குடை சொருகும் இடத்திலிருந்து அதை உருவி எடுத்துக்கொண்டார். உடனே போகவில்லை. வண்டியின் முன்பக்கத்தை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

"ஜானவாசத்துக்கு இந்த வண்டியையே எடுத்துண்டு வாங்கோ" என்றார். "நானும் உங்க மாமனாரும் பின்னாலதான் உக்காருவோம்."

மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கட்டாயம் கொண்டுவருகிறேன் என்றேன். அதற்குள் ப்ளக்கை மாற்றிவிடுகிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பிறகு வண்டி பூப்போல் ஓடும் என்று வழக்கம்போல் அளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். உள்ளே கூடத்தில் மாமனாரின் குரல் கேட்டது. அவர் ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கல்யாணம் முடியற வரைக்கும் எஞ்சினை நன்னாக்கிடாதீங்கோ. மனசிலாச்சோ மாப்ளே?"

"ஆச்சு" என்றேன்.